ஆட்சேபணை இல்லை

சுற்றியுள்ள நாலு வீட்டாரும்
கையெழுத்துப் போட்டால்தான் லைசென்ஸாம்.
ஊராட்சி அலுவலகத்தில் படிவத்தை நீட்டிய பையன்
தலை நிமிராமலே சொன்னான்.
போன ஐப்பசியில் அவன் சித்தப்பாவின் அறுபதாம் கல்யாணத்துக்கு
என் மாடியில்தான் இருபத்திரண்டு பேர் படுத்தார்கள்.
அன்றைக்கு யாரும் எந்தக் காகிதமும் கேட்கவில்லை.

திருக்கடையூரில் வீடு வைத்திருப்பவன்
தினம் ஒரு கல்யாணத்துக்கு எழுந்திருக்கிறான்.
மூன்றரை மணிக்குக் கோயம்புத்தூர் வேன்
ரிவர்ஸில் பாட்டுப் பாடும்.
எண்பது வயது மாப்பிள்ளை
வெந்நீர் வரவில்லை என்று
பட்டுவேட்டியோடு மாடிப்படியில் நின்று கத்துவார்.
நான் போய் கீஸரைத் தட்டுவேன்.
இதைத்தான் உட்கார்ந்த இடத்தில் வருமானம் என்கிறான்
எதிர்வீட்டு அகோரமூர்த்தி.

அகோரம்தான் மனு எழுதியது.
அழகான கையெழுத்து,
கூட்டுறவு வங்கியில் முப்பது வருஷம்
நகைக்கடன் எழுதிய கை.
வாய்க்காலில் மாலைகள் மிதக்கின்றன.
எச்சில் இலைக்கு நாய்கள் சண்டை.
கழிவுநீர்த் தொட்டி வழிந்து
பிள்ளைகள் சைக்கிளைத் தூக்கிக்கொண்டு போகிறார்கள்.
கடைசியாக, முன்பின் தெரியாதவர்கள் நடமாட்டம்.
அந்தக் கடைசி வரியில்தான் எனக்குக் கோபம் வந்தது.
மற்றதெல்லாம் உண்மை.

பத்து வருஷத்துக்கு முன்னால்
வில்வநாதனால் தெருவுக்கு நாலு காசு என்றார்கள்.
செண்பகம் என் வாசலில் பூக்கடை போட்டாள்.
அகோரத்தின் மகனே என் வேனை ஓட்டினான்.
இப்போது லாட்ஜ்காரன்.
மின்வாரியம் வணிகக் கட்டணத்துக்கு மாற்றிவிட்டது,
தீயணைப்புக்காரர் ஜன்னலை அளந்துவிட்டு
உதட்டைப் பிதுக்கினார்.
மஸ்கட்டில் பதினொரு வருஷம்
ஊரார் வீட்டுக்கு ஏசி மாட்டி எழுப்பிய மாடி இது.
அதை எழுத
படிவத்தில் கட்டம் இல்லை.

ஜமால் பாய் வீட்டில் கேட்டேன்.
கண்ணாடியைத் தேடிக்கொண்டே இருந்தார்.
கண்ணாடி நெற்றியில் இருந்தது.
நானும் சொல்லவில்லை.

மனுவில் ஏழாவது கையெழுத்து தமயந்தி டீச்சர்.
இந்தத் தெருவிலேயே இல்லாதவள்
எப்படிப் போடலாம் என்று
அலுவலகத்தில் சத்தம் போட்டேன்.
பையன் அப்போதுதான் நிமிர்ந்தான்.
'முகவரி உங்க வீட்டு மாடின்னுதான் போட்டிருக்காங்க சார்.
ரேஷன் கார்டு இன்னும் மாத்தலையாம்.'

ஆறு வருஷம்.
மாசம் நாலாயிரத்து ஐந்நூறு,
ஒன்றாம் தேதி காலையில், கவரில் போட்டு.
ஒரு நாளைக்கே இரண்டாயிரத்து இருநூறு கிடைக்கும் என்று
புரோக்கர் சொன்ன ராத்திரி
நான் கால்குலேட்டரோடு படுத்தேன்.
மறுநாள் அவளிடம்
'தம்பி குடும்பத்தோட வர்றான் டீச்சர்' என்றேன்.
எனக்குத் தம்பி கிடையாது.
அவளுக்கும் தெரியும்.
பாத்திரங்களைச் சாக்கில் போட்டுக் கட்டிக்கொண்டிருந்தாள்,
ஒரு டம்ளர் உருண்டு வந்து
என் காலில் முட்டியது.

இன்று காலை பஸ் ஸ்டாப்பில் நின்றேன்.
சேலத்து வேனுக்கு வழிகாட்ட என்று
வீட்டில் சொல்லியிருந்தேன்.
மயிலாடுதுறை பஸ் எட்டு ஐந்துக்கு வந்தது.
கடைசி ஆளாக இறங்கினாள்,
தோளில் பை, கையில் விடைத்தாள் கட்டு.
மனுவை வாபஸ் வாங்கச் சொல்லவா,
மன்னிப்புக் கேட்கவா,
சட்டைப்பையில் படிவம் வியர்வையில் நனைந்துகொண்டிருந்தது.

'கீஸர் இன்னும் மக்கர் பண்ணுதா?' என்றாள்.

எங்கே தட்ட வேண்டும் என்று
முதலில் கண்டுபிடித்தவளே அவள்தான்.

'ஆமா.'

'அடியில, இடதுபக்கமா' என்று சொல்லிவிட்டு
பள்ளிக்கூடத்துப் பக்கம் நடந்தாள்.
நான் இத்தனை நாளும்
மேலே தட்டிக்கொண்டிருக்கிறேன்.

போன் அடித்தது.
சேலத்துக்காரர்கள் வழி தவறி
தரங்கம்பாடியில் நிற்கிறார்களாம்.